மாணவர் குறைந்த கல்லூரியில் கட்டடங்களை என்ன செய்வது?

கேள்வி இதுதான்: கல்லூரியில் சேர்க்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. கட்டடங்கள் எல்லாம் நல்ல காலத்து எண்ணிக்கையை நம்பிக் கட்டியவை. பராமரிப்புச் செலவை உடனே குறைக்கச் சொல்கிறது நிர்வாகம். ஒன்றிரண்டு கட்டடங்களைப் பூட்டிவிட்டால் போதுமா? பூட்டுவதென்றால் எதை முதலில் பூட்டுவது?

கல்வி வளாகங்களின் பராமரிப்பிலேயே என் வேலைக்காலம் பெரும்பாலும் போயிருக்கிறது. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கட்டடங்களையும் கால்வாசியும் அரைவாசியுமாகப் பயன்படுத்திக்கொண்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செலவைக் கிள்ளுவதுதான் இருப்பதிலேயே கெட்ட வழி. பெரும்பாலான கல்லூரிகள் முதலில் இறங்குவதும் அந்த வழியில்தான். வகுப்புகளையும் ஆட்களையும் குறைந்த கட்டடங்களில் ஒன்றுசேருங்கள். மிஞ்சுவதை முழுக் கட்டடமாக, முறைப்படி மூடுங்கள். அதில் மிச்சமாகும் பணத்தின் முதல் பங்கு, நீங்கள் வைத்துக்கொள்ளப் போகும் கட்டடங்களின் கூரைக்கும் குழாய்க்கும் போகட்டும். வெறும் பூட்டுப் போடுவது மூடுவதாகாது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிக நஷ்டம் வருவது அங்கேதான்.

செலவு ஏன் மாணவர் எண்ணிக்கையோடு சேர்ந்து இறங்குவதில்லை என்பது நிர்வாகத்துக்குப் புரிய வேண்டும். 3000 பேருக்குக் கட்டிய வளாகத்தில் இப்போது 2000 பேர் என்று வைத்துக்கொள்வோம். கட்டண வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் மழை பெய்யும் கூரையின் பரப்பு அப்படியே இருக்கிறது. லிப்டின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், தீயணைப்பு பம்பின் சோதனை, டிரான்ஸ்பார்மர், காவல், கட்டடக் காப்பீடு, கட்டக் கடன் வாங்கியிருந்தால் அதன் தவணை, இவை எதுவும் தலை எண்ணிப் பார்த்து வருவதில்லை. 40 பேர் உட்கார்ந்த அறையில் 15 பேர் உட்கார்ந்தாலும் விளக்கும் ஏசியும் ஏறக்குறைய அதே அளவுதான் ஓடும். தண்ணீர், குப்பை, உணவுக்கூடம், கொஞ்சம் துப்புரவு, இவைதான் ஆளோடு சேர்ந்து இறங்கும். 2020-இல் உலகம் முழுக்க வளாகங்கள் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தபோது இதை எல்லோரும் நேரிலேயே பார்த்தார்கள். மாணவர் ஒருவர்கூட இல்லாத இடங்களிலும் மின்கட்டணம் வந்துகொண்டுதான் இருந்தது. சர்வர் அறை, ஆய்வகக் குளிர்பெட்டிகள், காற்றோட்ட விசிறிகள், வெளிவிளக்குகள், பம்புகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1990-இல் பொதுக் கட்டடங்களுக்காக ஒரு அளவுகோலைச் சொன்னது. ஒரு கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட என்ன செலவாகுமோ, அதில் 2 முதல் 4 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் வழக்கமான பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அது. கல்லூரி வளாகங்களிலும் இன்றுவரை இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்தக் கணக்கில் மாணவர் என்ற சொல்லே வராததைக் கவனியுங்கள். கட்டடத்தின் மதிப்புதான் அடிப்படை. ஆகவே பராமரிப்புத் தேவையை நியாயமாகக் குறைக்க வேண்டுமானால் கட்டடப் பரப்பைக் குறைக்க வேண்டும். பரப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஒதுக்கீட்டை மட்டும் வெட்டினால் தேவை எங்கும் போய்விடாது, தள்ளிப்போன வேலையாகக் குவியும். இன்று ஒழுகும் ஒரு மூட்டு, மூன்று ஆண்டு கழித்து உதிரும் கான்கிரீட்டாகவும் துருப்பிடித்த கம்பியாகவும் திரும்பி வரும்.

அடுத்து, இது தற்காலிகச் சரிவா நிரந்தரச் சரிவா என்று பார்க்க வேண்டும். இதில் ஒரு வசதி இருக்கிறது. 18 வயதில் கல்லூரிக்கு வரப்போகிறவர்கள் 18 ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டவர்கள். அமெரிக்காவில் 2007-இல் ஏறக்குறைய 43 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள். அதுதான் உச்சம். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பிறப்பு குறைந்தது, அந்த நிலைக்குத் திரும்பவே இல்லை. 2007-இல் பிறந்தவர்கள் 18 வயதைத் தொட்டது 2025-இல். இதற்கு முன்பே அங்கே இளநிலை மாணவர் எண்ணிக்கை 2010-இல் இருந்த சுமார் 1 கோடியே 81 லட்சத்திலிருந்து 2021-இல் சுமார் 1 கோடியே 54 லட்சமாக இறங்கியிருந்தது. ஜப்பானில் 18 வயதினர் 1992-இல் 20 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இப்போது 11 லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள். அங்கே 2023-இல் தனியார் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் தங்கள் இடங்களை நிரப்ப முடியவில்லை. தென் கொரியாவில் செர்ரி பூக்கும் வரிசையில் கல்லூரிகள் மூடும் என்றொரு பேச்சு உண்டு. பூ தெற்கில் தொடங்கி வடக்கே தலைநகரை நோக்கிப் போகும். தலைநகரிலிருந்து தள்ளி இருக்கும் கல்லூரிகள் முதலில் காலியாகும் என்று அர்த்தம்.

உங்கள் கல்லூரிக்கு மாணவர் வரும் பகுதியில் பள்ளிகளின் கீழ் வகுப்புகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை கிடைக்கும். அதை வாங்குங்கள். ஒரு பாடப்பிரிவின் மவுசு போனதால் வந்த சரிவு என்றால் அது வேறு பாடப்பிரிவில் ஈடாகலாம். பிள்ளைகளே இல்லாததால் வந்த சரிவு ஈடாகாது. முதல் வகைக்குத் திரும்பத் திறக்கக்கூடிய ஏற்பாடுகள் போதும். இரண்டாவது வகை என்றால் விற்பது, இடிப்பது வரைக்கும் பேச வேண்டும். எந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் எந்தக் கட்டடம் என்று இப்போதே எழுதி ஒப்புதல் வாங்கி வையுங்கள். நெருக்கடி வந்தபிறகு இதைப் பேச ஆரம்பித்தால் எந்தக் கூட்டமும் முடிவுக்கு வராது.

இன்னொரு கல்லூரியோடு இணைந்துவிட்டால் கட்டடப் பிரச்சினை தீரும் என்று நினைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2022-இல் ஆறு அரசுப் பல்கலைக்கழகங்களை இரண்டாக இணைத்தார்கள். நிர்வாகமும் பாடத்திட்டமும் ஒன்றாகின. வளாகங்கள் ஆறு ஊர்களிலும் அப்படியேதான் இருந்தன. இணைப்புக்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். கூரைகளின் எண்ணிக்கை மட்டும் அதனால் குறையாது.

சரி, வேலையை எங்கே தொடங்குவது? எண்ணுவதில் தொடங்க வேண்டும். கால அட்டவணையை நம்பாதீர்கள், அறைக்குள் போய்ப் பார்த்து எண்ணுங்கள். பருவம் தொடங்கி மூன்றாவது நான்காவது வாரத்தில், சேர்க்கை நிலைபெற்ற பிறகு, ஒரு முழு வாரம் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு அறைக்கும் ஓர் ஆள் போக வேண்டும். கையில் மூன்று கட்டம் போட்ட தாள் போதும்: அறையில் வகுப்பு நடக்கிறதா, எத்தனை பேர் இருக்கிறார்கள், யாரும் இல்லாமல் விளக்கும் ஏசியும் ஓடுகிறதா. அறை பயன்பட்ட நேரத்தின் விகிதத்தையும், பயன்பட்டபோது இருக்கைகள் நிரம்பிய விகிதத்தையும் பெருக்கினால் உண்மையான பயன்பாடு கிடைக்கும். பாதி நேரம் வகுப்பு, வகுப்பு நடக்கும்போது பாதி இருக்கை என்றால் பயன்பாடு 25 சதவீதம். அட்டவணையில் அதே அறை முழுவதும் ஒதுக்கப்பட்டதாகத் தெரியும். இந்த எண்களைக் காட்டும்போது கூட்டத்தில் சத்தம் குறையும், ஏனென்றால் இடம் போதவில்லை என்று சொன்ன துறையின் அறையும் அந்தத் தாளில் இருக்கும்.

எண்ணி முடித்ததும் ஒன்று பளிச்சென்று தெரியும். எத்தனை அறை வேண்டும் என்பதை முடிவு செய்வது வாரத்தின் மொத்த வகுப்பு நேரம் கிடையாது, உச்ச நேரம்தான். காலை 10 மணிக்கு 40 வகுப்புகளும் பிற்பகல் 3 மணிக்கு 12 வகுப்புகளும் இருந்தால் உங்களுக்கு 40 அறை வேண்டும். அந்த 40-இல் 12 வகுப்புகளைப் பிற்பகலுக்குத் தள்ளினால் 28 அறை போதும். ஒரு செங்கல்லையும் தொடாமல், பணம் ஏதும் செலவழிக்காமல், ஒரு முழுக் கட்டடம் கையில் கிடைத்துவிடும். வகுப்புகளை வாரத்தின் நடு நாள்களில் குவித்துவிட்டு முதல் நாளையும் கடைசி நாளையும் காலியாக விடும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. அதையும் பரவலாக்குங்கள். ஆசிரியர்களிடம் முணுமுணுப்பு வரும். பிற்பகல் வகுப்பு யாருக்கும் பிடிக்காது. அதனால் சுமையைச் சுழற்சி முறையில் பகிருங்கள், ஒரே துறை ஒவ்வோர் ஆண்டும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இது நடக்க வேண்டுமானால் அறைகள் துறைகளுக்குச் சொந்தம் என்ற பழக்கம் போக வேண்டும். பொது வகுப்பறைகள் எல்லாம் ஒரே அலுவலகத்தின் கையில், ஒரே அட்டவணையில் வர வேண்டும். துறைத் தலைவர்கள் இதை எளிதில் விடமாட்டார்கள், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஒருமுறை கொடுத்த அறை திரும்பி வராது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் பதிலாக என்ன தருகிறோம் என்பதைக் காட்ட வேண்டும். பழைய தொகுதியில் ஒழுகும் ஆறு அறைகளை விட்டுக்கொடுக்கும் துறைக்கு, நல்ல கட்டடத்தில் புதிதாக வெள்ளையடித்த, ஒலிபெருக்கியும் திரையும் ஒழுங்காக வேலை செய்கிற நான்கு அறைகளைக் கொடுங்கள். இடமாற்றச் செலவைத் துறையின் தலையில் போடாதீர்கள். இதை முதல்வரே நின்று செய்ய வேண்டும். பராமரிப்புப் பொறியாளரை அனுப்பிச் சண்டை போடச் சொன்னால் நடக்காது.

எந்தக் கட்டடத்தை மூடுவது? வயதைப் பார்த்தோ அழகைப் பார்த்தோ முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிலுவையில் இருக்கும் பழுதுவேலைகளின் செலவைக் கூட்டுங்கள். அதை இன்று அந்தக் கட்டடத்தைப் புதிதாகக் கட்டுவதற்கான செலவால் வகுங்கள். 5 சதவீதத்துக்குள் வந்தால் நல்ல நிலை, 5 முதல் 10 வரை சுமார், 10-க்கு மேல் மோசம் என்பது வளாகப் பராமரிப்பில் புழங்கும் கணக்கு. அந்த எண்ணோடு பயன்பாட்டு எண்ணையும் சேர்த்து வையுங்கள். நிலுவை அதிகம், பயன்பாடு குறைவு என்று வருகிற கட்டடங்கள்தான் முதல் பட்டியல். அப்புறம், அந்தக் கட்டடத்தில் இருப்பதை வேறெங்கே வைக்க முடியும் என்று பாருங்கள். வகுப்பறைத் தொகுதியை எளிதில் காலி செய்யலாம். கனமான இயந்திரங்கள் நிற்கும் பணிமனையை அப்படிச் செய்ய முடியாது.

பட்டியல் போட்டபிறகும் ஒரு வேலை பாக்கி. அந்தக் கட்டடத்தின் வழியாக என்னென்ன போகிறது என்று கோடு கோடாகத் தேட வேண்டும். வளாகங்கள் ஒரே நாளில் கட்டப்பட்டவை இல்லை. பழைய தொகுதியின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மின்பேனலிலிருந்துதான் பின்னால் இருக்கும் புதிய ஆய்வகத்துக்கு மின்சாரம் போகும். முதல் மாடியில் துடைப்பம் வைக்கும் அறைக்குள் நான்கு கட்டடங்களுக்கான இணைய கேபிள்கள் வந்து சேரும் பெட்டி இருக்கும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பக்கத்து விடுதிக்குத் தண்ணீர் இறங்கும். தீ எச்சரிக்கை மணியின் மையப் பேனலும் அங்கேயே இருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்துக்கொண்டே போய், கடைசியில் மூடியதாகச் சொல்லப்பட்ட கட்டடம் பாதி உயிரோடு இருக்கும் நிலையைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஓர் எலெக்ட்ரீஷியன், ஒரு பிளம்பர், ஒரு நெட்வொர்க் ஆள் மூன்று பேரையும் சேர்த்து அனுப்பி, ஒவ்வோர் இணைப்பையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஓய்வுபெறப் போகும் பழைய ஊழியர் இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். எந்த வால்வு எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்பது பல வளாகங்களில் அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கும்.

இனி மூடும் முறை. காலிக் கட்டடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான், இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் தண்ணீரும், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத தண்ணீரும்.

இருக்க வேண்டிய தண்ணீரை முதலில் சொல்கிறேன். கழிவறைத் தரையில் வடிகால் வாய்க்குக் கீழே இருக்கும் டிராப் என்ற வளைவிலும், கைகழுவும் தொட்டிக்குக் கீழே வளைந்த குழாயிலும் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயுவும் பூச்சியும் அறைக்குள் ஏறாமல் தடுப்பது அந்த நாலு விரல் தண்ணீர்தான். யாரும் பயன்படுத்தாவிட்டால் சில வாரங்களில் அது வற்றிவிடும். அப்புறம் கட்டடம் முழுக்க நாற்றம், கரப்பான், சில நேரம் எலி. வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றலாம். நீண்ட நாள் மூடுவதென்றால் டிராப்புகளில் மெதுவாக ஆவியாகும் எண்ணெய் ஊற்றுவார்கள், அல்லது வடிகால் வாய்களை இறுக்கமாக அடைத்துவிடுவார்கள்.

குழாயில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் இன்னும் மோசம். லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், தேங்கிய தண்ணீரில், கிருமிநாசினிக் குளோரின் வீரியம் தீர்ந்துபோன குழாய்களில் பெருகும். ஷவரையோ குழாயையோ திறக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடியவர்களுக்கு வந்த நோயிலிருந்துதான் இது அடையாளம் காணப்பட்டது. 2020-இல் ஊரடங்கால் காலியாகக் கிடந்த அலுவலகக் கட்டடங்களில், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே அட்லாண்டாவில் வாடகைக்கு வைத்திருந்த சில கட்டடங்களில் இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டு அவற்றை மூட வேண்டியிருந்தது. அந்த விஷயத்தில் உலகத்துக்கே வழிகாட்டும் அமைப்பு அது. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: வாரம் தவறாமல் எல்லாக் குழாய்களையும் திறந்து ஓடவிடுங்கள், அல்லது தொட்டியையும் குழாய்களையும் முழுவதும் வடித்துக் காலி செய்து வால்வை மூடிச் சீல் வையுங்கள். பாதி மூடிய விடுதிதான் இதில் ஆபத்தானது. 400 பேருக்கான தொட்டியில் 90 பேர் குளித்தால் தண்ணீர் நாள்கணக்கில் தங்கும். அங்கே தொட்டியில் நிரப்பும் அளவைக் குறையுங்கள், சுடுதண்ணீர்த் தொட்டியை 60 டிகிரியில் வையுங்கள்.

இருக்கக்கூடாத தண்ணீர் கூரையிலிருந்து வரும். பூட்டப்பட்ட ஒரு விடுதித் தொகுதியைத் திறந்து பார்க்க ஒருமுறை கூப்பிட்டார்கள். கீழ்த்தளம் சுத்தமாக இருந்தது. மேல்தளத்தில் ஓர் அறையின் கூரைப் பூச்சு முழுவதும் கட்டிலின் மேல் விழுந்து கிடந்தது, சுவரில் கறுப்புப் பூஞ்சை இடுப்பளவுக்கு ஏறியிருந்தது, மின்பெட்டிக்குள் துரு. காரணத்தைத் தேடி மொட்டை மாடிக்குப் போனால், வடிகால் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையும் அதைச் சுற்றி இலைச் சருகும். அவ்வளவுதான். அதை எடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஆட்கள் குடியிருந்த காலத்தில் துணி காயப்போட மாடிக்குப் போன யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள். காலிக் கட்டடத்தில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. கட்டடத்துக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் சம்பளமில்லாத மேற்பார்வையாளர்களாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் போனபிறகு அந்த வேலைக்கு நீங்கள் ஒருவரை நியமிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும், ஒரே ஆள், ஒரே வரிசையில் மாடியிலிருந்து அடித்தளம் வரை நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

காற்றோட்டத்தையும் முழுவதும் அடைத்துவிடாதீர்கள். உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் பூஞ்சை பிடிக்கும். மெத்தை, திரைச்சீலை, காகிதக் கோப்பு, மர அலமாரி எதையும் உள்ளே விட்டு வைக்காதீர்கள். மூடிய கட்டடத்தைப் பழைய சாமான் கிடங்காக்கும் ஆசை எல்லாக் கல்லூரியிலும் வரும். உடைந்த நாற்காலிகளும் விடைத்தாள் கட்டுகளும் தீப்பிடிக்க ஏற்ற பொருள்கள், எலிக்கும் கரையானுக்கும் ஏற்ற வீடு. தீ எச்சரிக்கை அமைப்பை அணைக்காதீர்கள், ஏனென்றால் காலிக் கட்டடத்தில் தீயைப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கிறது. காப்பீட்டு ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் கட்டடம் 30 அல்லது 60 நாள் காலியாக இருந்தால் திருட்டு, தண்ணீர்ச் சேதம் போன்றவற்றுக்கு இழப்பீடு நின்றுபோகும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் நிபந்தனையோடு நீட்டிப்பார்கள்.

ஆய்வகம் மூடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செலவு மிச்சம் அதிகம் கிடைப்பது அங்கேதான். நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஒவ்வொரு பெட்டியும் குளிரூட்டிய காற்றை நாள் முழுவதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். நாலு ஆய்வகத்தை இரண்டாகச் சேர்த்தால் மின்கட்டணத்தில் உடனே தெரியும். ஆனால் பூட்டிவிட்டு வர முடியாத இடமும் அதுதான். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை பரவாயில்லை, ஆண்டுக்கணக்கில் காய்ந்துவிட்டால் மூடியைத் திருகும் உராய்விலேயே வெடிக்கலாம். திறந்து வைத்த ஈதர் புட்டியில் நாளாக ஆக வெடிக்கும் பெராக்சைடு உருவாகும். 2010-இல் தில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததை ஆய்வகம் மூடும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985-க்குப் பின் பயன்படாமல் கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று ஏலத்தில் பழைய இரும்பாகப் போனது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. அதை உடைத்தவர்களில் ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்தக் கருவியைப் பற்றித் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டிருந்தார்கள். சேர்க்கை குறையும் கல்லூரியிலும் முதலில் போவது மூத்த ஆய்வக உதவியாளர்கள்தான். அவர்கள் இருக்கும்போதே அலமாரி அலமாரியாகப் பட்டியல் எடுத்து, அப்புறப்படுத்த வேண்டியதை உரிமம் பெற்றவர்கள் மூலம் அப்புறப்படுத்துங்கள்.

விடுதிகளில் ஒரு விதி போதும்: மேல்தளங்களை ஒவ்வொன்றாக முழுவதும் காலி செய்யுங்கள், அல்லது ஒரு தொகுதியையே காலி செய்யுங்கள். இஷ்டப்பட்ட அறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டால் ஒவ்வொரு தளத்திலும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். எல்லாத் தளத்துக்கும் விளக்கு, தண்ணீர், துப்புரவு, காவல் வேண்டும். பாதுகாப்பும் குறையும். இருட்டு வராந்தாவில் பத்து காலி அறைகளைத் தாண்டித் தன் அறைக்குப் போகும் மாணவிக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். சேர்க்கைக்கு வளாகத்தைப் பார்க்க வரும் பெற்றோர் கண்ணிலும் அந்த வெறிச்சோடிய தளம்தான் முதலில் படும். அதே பிள்ளைகள் ஒரே தொகுதியில் இருந்தால் அந்த இடம் கலகலப்பாக இருக்கும். விடுதிக் கடனுக்கு அதன் வருமானத்தையே பிணையாக வைத்திருந்தால், மூடுவதற்கு முன் கடன் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வைத்துக்கொள்ளும் கட்டடங்களில் கருவிகளின் அளவைக் கவனியுங்கள். ஏசி இயந்திரம், பம்ப், டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர் எல்லாம் பழைய எண்ணிக்கைக்கு வாங்கியவை. பெரிய இயந்திரம் குறைந்த சுமையில் ஓடினால் திறன் குறையும், தேய்மானம் கூடும். டிரான்ஸ்பார்மர் சுமையே இல்லாமல் இருந்தாலும் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். ஓடுகிற நல்ல கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆயுள் முடிந்து மாற்றும்போது அதே அளவில் மாற்றாதீர்கள் என்கிறேன். விசிறிகளுக்கும் பம்புகளுக்கும் வேகத்தை மாற்றும் டிரைவ் பொருத்துவது பெரும்பாலும் நல்ல முதலீடு. காற்றாடி விசிறியின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுகிறது. மின்வாரியத்தோடு போட்ட ஒப்பந்தச் சுமையையும், அதாவது இவ்வளவு மின்சாரம் வரை இழுப்போம் என்று எழுதிக் கொடுத்த அளவையும் திருத்துங்கள். பயன்படுத்தாத சுமைக்கு மாதாமாதம் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் கல்லூரிகள் நிறைய.

ஆள்குறைப்பு பற்றி ஒரு வார்த்தை. பராமரிப்புப் பிரிவில் கைவைப்பது நிர்வாகத்துக்கு எளிது, ஏனென்றால் அதன் விளைவு அந்த ஆண்டுக் கணக்கில் வராது. பரப்பு குறைந்த அளவுக்கு ஆள் குறைவது நியாயம்தான். பரப்பு குறைவதற்கு முன்பே ஆளைக் குறைத்தால், மூடுவதற்கான வேலையைச் செய்யக்கூட ஆள் இருக்காது. இடமாற்றம், வடித்தல், சீல் வைத்தல், பட்டியல் எடுத்தல், இதெல்லாம் முதல் ஆண்டில் வழக்கத்தைவிட அதிக வேலை.

மூடிய கட்டடத்தை அப்புறம் என்ன செய்வது? வாடகைக்கு விடலாம், விற்கலாம், இடிக்கலாம். வாடகைக்கு விட ஏற்றது, வளாகத்தின் ஓரத்தில், தெருவைப் பார்த்து, தனி வாசலோடு இருக்கும் கட்டடம். தனி மின்மீட்டர், தனித் தண்ணீர் இணைப்பு, வண்டி நிறுத்த இடம் இல்லாமல் வாடகைக்காரரை உள்ளே விட்டால் ஒவ்வொரு மாதமும் தகராறுதான். பயிற்சி நிலையம், மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவு, அரசு அலுவலகம் போன்றவை மாணவர் புழங்கும் இடத்தோடு ஒத்துப்போகும். நடுவில் இருக்கும் கட்டடத்துக்கு நல்ல வாடகைக்காரர் கிடைப்பது அரிது. கல்லூரிக் கட்டடம் சந்தையில் நல்ல விலைக்குப் போகும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். வரிசையாக வகுப்பறைகள் கொண்ட கட்டடம் வாங்குகிறவருக்கு அப்படியே பயன்படாது. மாணவர் குறைந்த காலத்தில் பக்கத்துக் கல்லூரியும் விற்கவே பார்க்கும்.

திரும்பத் தேவைப்படாது என்று உறுதியான கட்டடத்தை மூடியே வைத்திருப்பதைவிட இடிப்பது பல நேரங்களில் மலிவு. காவல், காப்பீடு, வாராந்திரச் சோதனை, கூரைப் பழுது என்று ஆண்டுச் செலவைக் கூட்டி, இடிக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய கட்டடமானால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்று சோதித்த பிறகே கைவைக்க வேண்டும். கல்நார்த் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வரலாம். நன்கொடையாளர் பெயரில் இருக்கும் கட்டடமென்றால் குடும்பத்தாரிடம் முதலில் போய்ப் பேசுங்கள், அவர்கள் செய்தியில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். பழைய மாணவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் படித்த கட்டடம் அது. வருத்தப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. கணக்கை மறைக்காமல் காட்டினால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

புதுக் கட்டடம் கட்டினால் மாணவர் வருவார்கள் என்ற யோசனை இந்தக் கட்டத்தில் கட்டாயம் வரும். நவீன விளையாட்டு அரங்கமோ கண்ணாடி முகப்போ வேண்டும் என்பார்கள். கடன் வாங்கி அதைக் கட்டிவிட்டுப் பழைய வகுப்பறையின் கழிவறையை அப்படியே விட்டால், வந்து பார்க்கும் மாணவர் இரண்டையும் பார்ப்பார். தவிர்க்க முடியாமல் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தால், அதைவிட அதிகப் பரப்புள்ள பழையதை அதே தீர்மானத்தில் மூடுவதென்று எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக நடைமுறை விஷயம் ஒன்று. எந்தக் கட்டடத்தை மூடுவதற்கு முன்பும் அதற்குத் தனியாக மின்மீட்டரும் தண்ணீர் மீட்டரும் பொருத்தி, குறைந்தது ஒரு பருவத்துக்காவது அளவெடுத்து வையுங்கள். பெரும்பாலான வளாகங்களில் மொத்தத்துக்கும் ஒரே மீட்டர்தான் இருக்கும். அளவு இல்லாமல் மூடினால் எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது, மிச்சமான பணமும் பொது வரவுசெலவில் கரைந்துவிடும். அளவு இருந்தால் முதல் ஆண்டு முடிவில் எண்ணைக் காட்டி, அதில் பாதியையாவது மற்றக் கட்டடங்களின் கூரைக்கும் குழாய்க்கும் எழுத்தில் கேட்டு வாங்கலாம். மூடும் வேலையை மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடியும்படி திட்டமிடுங்கள். முதல் மழையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.